தொய்வும் பிடிப்பும்: தாங்குகம்பி பற்றிய வாசகர் கேள்விகள்

ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் கம்பியும் கம்பமும் பற்றியவை ஆண்டுதோறும் கூடிவிடுகின்றன. கம்பம் பள்ளத்தாக்கு, செங்கோட்டைக் கணவாய், பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பொள்ளாச்சித் தோப்புகள் ஆகிய மூன்று இடங்களிலும் கேரள மலையைத் தாண்டி இறங்கும் காற்று, நாம் கட்டி வைத்த ஒவ்வொரு கட்டையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறது. எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஏழு இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: என் வீட்டுக்கும் தோட்டத்து மோட்டார் அறைக்கும் இடையே 30 மீட்டர் தூரம். இரு பக்கமும் இரும்புக் குழாய் நட்டு, 8 கேஜ் ஜி.ஐ. கம்பி கட்டி, அதில் மோட்டார் கேபிளைத் தொங்கவிட்டிருக்கிறேன். கம்பி தொய்ந்து தெரிவது பிடிக்காமல் கம்பியை இறுக்கும் திருகான டர்ன் பக்கிளை முறுக்கி நேராக்குகிறேன். இரண்டு வாரத்தில் மோட்டார் அறைப் பக்கத்துக் குழாய் உட்புறம் சாய்ந்து, கம்பி பழையபடி தொய்ந்துவிடுகிறது. இன்னும் தடித்த கம்பி போட்டால் நிற்குமா, ஐயா?
— வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: நிற்காது. தடித்த கம்பி தன் எடையையும் சேர்த்துக்கொண்டு வரும் என்பதால், அதே அளவு நேராக நிற்க இன்னும் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கும். குழாய் முன்பைவிடச் சீக்கிரம் சாயும். தங்கள் கம்பியிலோ டர்ன் பக்கிளிலோ குறை இல்லை. கம்பி நேராக இருந்தால்தான் வேலை சரியாக இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் குறை இருக்கிறது. அந்த எண்ணம் தங்களுக்கு மட்டும் உரியதன்று. கட்டுக்கம்பி வேலையில் கைதேர்ந்தவர்கள் சிலரிடமும் அதைப் பார்த்திருக்கிறேன்.

எட்டு கேஜ் கம்பி நான்கு மில்லிமீட்டர் தடிமன் உடையது. மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம் எடை. மோட்டார் கேபிளுக்கு மீட்டருக்கு 200 கிராம் என்று வைத்துக்கொண்டால், 30 மீட்டரிலும் தொங்குவது மொத்தம் ஒன்பது கிலோதான். ஆனால் அந்த ஒன்பது கிலோவைத் தாங்கக் கம்பி எவ்வளவு விறைக்க வேண்டும் என்பதைத் தொய்வுதான் தீர்மானிக்கிறது. ஒரு மீட்டர் நீளத்தின் எடையை இரு கம்பங்களுக்கு இடையேயான தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, நடுத் தொய்வின் எட்டு மடங்கால் வகுத்தால் கம்பியின் இழுவிசை கிடைக்கும். நடுவில் 60 சென்டிமீட்டர் தொய்வு இருந்தால் இழுவிசை 56 கிலோ. தொய்வை 30 சென்டிமீட்டராகக் குறைத்தால் 112 கிலோ. பார்வைக்கு நேராகத் தெரியும்படி பத்துச் சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 337 கிலோ. தொங்குவது அதே ஒன்பது கிலோதான் என்பதை மறக்க வேண்டாம். முட்டுக் கொடுக்காமல் நட்ட ஒரு குழாயின் தலையில் முந்நூறு கிலோவுக்கு மேல் பக்கவாட்டில் இழுத்தால் அது சாயாமல் வேறென்ன செய்யும்?

டர்ன் பக்கிளைச் சற்றே திருகினாலும் தொய்வு வெகுவாக மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். 60 சென்டிமீட்டர் தொய்வுள்ள கம்பி, நேர்கோட்டைவிட 3.2 சென்டிமீட்டர்தான் நீளம் அதிகம். பத்துச் சென்டிமீட்டர் தொய்வுள்ள கம்பிக்கோ அந்த மிகுதி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இப்படி மிகுதியே இல்லாமல் கட்டிய கம்பிக்கு வெயிலும் பனியும் எதிரிகள். எஃகு ஒரு டிகிரி வெப்ப மாற்றத்துக்கு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும் அல்லது சுருங்கும். நண்பகல் வெயிலில் சூடேறிய கம்பி மார்கழி விடியலில் 30 டிகிரி குறைந்தால், 30 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகச் சுருங்கும். 60 சென்டிமீட்டர் தொய்வுள்ள கம்பி அந்தச் சுருக்கத்தைத் தன் தொய்விலிருந்தே கொடுத்துவிடும். தொய்வு அரை மீட்டருக்கு அருகில் வரும், இழுவிசை 70 கிலோவை ஒட்டி நின்றுவிடும். இறுக்கிய கம்பியிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. கம்பங்கள் அசையாவிட்டால் அதன் இழுவிசையோடு இன்னும் 90 கிலோ வரை சேரும். சாதாரண மென்கம்பி அறுந்துபோகும் அளவே ஏறத்தாழ அரை டன்தான் என்னும்போது, தங்கள் குழாய் சாய்ந்துகொடுத்தது ஒருவகையில் கம்பியைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆகவே சாய்ந்த குழாயைப் பிடுங்கி, அதன் மொத்த நீளத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையாமல் குழி எடுத்து நட்டு, அடியில் கான்கிரீட் போட்டு, வெளிப்புறம், குழாயைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி கொடுங்கள். பிறகு தூரத்தில் நூற்றுக்கு இரண்டு, அதாவது 60 சென்டிமீட்டர் தொய்வு வைத்துக் கட்டுங்கள். அளவு பார்க்க எளிய வழி உண்டு. இரு கம்பங்களிலும் கம்பி கட்டிய இடத்திலிருந்து 60 சென்டிமீட்டர் கீழே ஒரு பட்டிக்கட்டையைக் கிடையாகக் கட்டி, ஏணியில் நின்று ஒரு கட்டையின் மேல்விளிம்பிலிருந்து மறு கட்டையின் மேல்விளிம்பைப் பாருங்கள். கம்பியின் அடிவயிறு அந்தப் பார்வைக்கோட்டைத் தொட்டால் தொய்வு சரி.

மின்பாதை போடுகிறவர்கள் கையாளும் இன்னொரு முறை எனக்கு மிகவும் பிடித்தது. கம்பத்துக்கு அருகே கம்பியின்மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விரலை அதன்மேல் வைத்திருந்தால், அந்த அதிர்வு மறுமுனைவரை ஓடித் திரும்பி வந்து விரலில் தெறிக்கும். ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் வினாடியை வர்க்கப்படுத்தி 0.307 ஆல் பெருக்கினால் தொய்வு மீட்டரில் கிடைக்கும். கம்பங்களின் தூரமோ கம்பியின் எடையோ தெரிய வேண்டியதே இல்லை. தங்கள் கம்பியில் அதிர்வு மூன்றுமுறை வந்துபோக 4.2 வினாடி ஆனால் தொய்வு 60 சென்டிமீட்டர். கைக்கடிகாரம் போதும். மின்சாரத்தை முற்றிலும் துண்டித்துவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

கேபிளைத் தாங்குகம்பியோடு சேர்த்துக் கட்டும்போது, அரை மீட்டருக்கு ஒரு கட்டு வீதம், வெயில் தாங்கும் கறுப்பு டையால் கட்டுங்கள். வெள்ளை டை இரண்டு கோடைக்குள் பொடிந்து உதிர்ந்துவிடும். கேபிள் எந்த இடத்திலும் விறைக்கக் கூடாது. இழுவிசை முழுவதும் தாங்குகம்பியோடு முடிந்துவிட வேண்டும். இரு முனைகளிலும் கேபிள் சுவருக்குள் நுழையும் முன் சற்றுக் கீழே தொங்கி மேலேறும்படி வளைத்துவிட்டால், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தாங்குகம்பியை எர்த்தோடு இணைத்து, இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்த ஓர் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். கேபிளின் மேலுறை ஓரிடத்தில் உரசித் தேய்ந்தால், நீளமான அந்தக் கம்பி முழுவதும் மின்சாரம் ஏறிவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: தென்னந்தோப்பின் நடுவே விளக்குக் கம்பி இழுக்கிறோம். கடைசிக் கம்பத்தில் தரையிலிருந்து ஆறு மீட்டர் உயரத்தில் கம்பி கட்டுகிறோம். அதன் பின்னால் ஒன்றரை மீட்டரில் மதில்சுவர் வந்துவிடுகிறது. சுவருக்கு இப்பால் அந்த ஒன்றரை மீட்டரிலேயே ஸ்டே அடித்தால் போதுமா? இல்லையென்றால் பக்கத்துத் தென்னையில் கட்டிவிடலாமா?
— வாசகர், மீனாட்சிபுரம், பொள்ளாச்சி வழி

பதில்: ஸ்டே கம்பி எவ்வளவு செங்குத்தாக நிற்கிறதோ அவ்வளவு வீணாக உழைக்கிறது. தாங்குகம்பி 100 கிலோ இழுக்கிறது என்று கொள்வோம். ஆறு மீட்டர் உயரத்துக்கு ஆறு மீட்டர் தள்ளி ஸ்டே அடித்தால் அதில் 141 கிலோ இழுவிசை வரும். மூன்று மீட்டரில் அடித்தால் 224 கிலோ. தங்களுக்குக் கிடைக்கும் ஒன்றரை மீட்டரில் அடித்தால் 412 கிலோ. அதோடு கம்பத்தை நெடுக்காகக் கீழே அழுத்தும் சுமையும் 400 கிலோ கூடும். மெல்லிய குழாயாக இருந்தால் நடுவில் வளைந்துவிடும். மண் இளகியிருந்தால் கம்பம் கீழே இறங்கும். இறங்கினால் ஸ்டே தளரும். தளர்ந்தால் மீண்டும் உட்புறம் சாயும்.

இடம் இல்லாதபோது மூன்று வழிகள் உண்டு. கம்பத்தின் உட்புறத்தில், கம்பி வரும் பக்கமாக, சாய்வாக ஒரு முட்டுக்கால் கொடுப்பது முதல் வழி. ஸ்டே பின்னாலிருந்து இழுக்கிற வேலையை முட்டுக்கால் முன்னாலிருந்து தள்ளிச் செய்யும். அதன் அடிக்கு ஒரு கல்பலகையோ கான்கிரீட் தளமோ வேண்டும். சுவருக்கு அப்பாலும் தங்கள் நிலமாக இருந்தால், அங்கே ஒரு குட்டைக் கம்பம் நட்டு, கடைசிக் கம்பத்தின் தலையிலிருந்து அதன் தலைக்கு ஏறக்குறையக் கிடையாக ஒரு கம்பி இழுத்து, அந்தக் குட்டைக் கம்பத்துக்கு முறையான தூரத்தில் ஸ்டே கொடுக்கலாம். மூன்றாவது வழியைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன்: தொய்வைக் கூட்டி இழுவிசையையே குறையுங்கள். தோப்பு விளக்குக்கு நூற்றுக்கு நான்கு தொய்வு இருந்தால் யாருக்கும் உறுத்தாது. கம்பத்தின் சுமையோ பாதியாகிவிடும்.

தென்னையில் கட்டுவது வேண்டவே வேண்டாம். தென்னைக்கு வேம்பு, மா போலப் பட்டைக்கு அடியில் புதிய திசு வளர்க்கும் அடுக்கு கிடையாது. கம்பி அறுத்த காயம் மரம் இருக்கும்வரை ஆறாது. அந்தக் காயத்தின் வழியே வண்டும் அழுகலும் நுழையும். மரத்தின் பொருட்டு மட்டும் சொல்லவில்லை. காற்றில் தென்னையின் தலை எவ்வளவு ஆடுகிறது என்பதைத் தாங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். அந்த ஆட்டத்தில் ஒரு சாண் போதும், இறுக்கிய கம்பியை அறுத்துவிட.

ஸ்டே கம்பியை மண்ணோடு பிடிக்கும் இரும்புத் தண்டான ஸ்டே ராடு நடுவதில் அவசரம் காட்டாதீர்கள். ஒன்றே முக்கால் மீட்டருக்குக் குறையாத ராடு, அடியில் ஒரு அடிச் சதுரத் தகடு, ஒன்றரை மீட்டர் ஆழக் குழி, தகட்டின்மேல் கான்கிரீட். அதன்மேல் மண்ணைச் சாண் கனத்துக்கு அள்ளிப்போட்டுத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். குழி முழுவதையும் ஒரேயடியாக மூடிவிட்டு மேலே நின்று மிதித்தால் மேல்மண் மட்டும்தான் இறுகும். ராடு, ஸ்டே கம்பி இழுக்கும் திசையிலேயே சாய்ந்து மண்ணிலிருந்து வெளிவர வேண்டும். செங்குத்தாக நட்ட ராடு முதல் மழையிலேயே மண்ணை அறுத்துக்கொண்டு சாயும். அதுவரை இறுக்கமாக இருந்த ஸ்டே அன்றைக்கே தளர்ந்துவிடும்.

கேள்வி: பன்னீர்த் திராட்சைப் பந்தல். நடுவில் எந்தக் கல்காலும் அசையவில்லை. மூலைக் கல்கால்கள் மட்டும் ஒவ்வொன்றாக உடைகின்றன. நல்ல கல்லாகப் பார்த்து மாற்றியும் பயனில்லை.
— வாசகர், சுருளிப்பட்டி

பதில்: 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழத்தின் சுமையைத் தாங்குவது கல்கால் என்று நாம் நினைக்கிறோம். கல்கால் தாங்குவது கீழ்நோக்கிய எடையை மட்டுமே. பந்தலைப் பந்தலாக நிறுத்துவது ஓரத்து இழுப்பு. ஒரு சதுர மீட்டரில் கொடியும் காயுமாக இரண்டு கிலோ தொங்குவதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். உள்கம்பிகள் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓடினால் ஒவ்வொரு கம்பியின் மீதும் மீட்டருக்கு 1.2 கிலோ. மூன்று மீட்டருக்கு ஒரு கல்கால், நடுத்தொய்வு ஐந்து சென்டிமீட்டர் என்றால் ஒரு கம்பியின் இழுவிசை 27 கிலோ. இது சின்ன எண்தான். ஆனால் 60 மீட்டர் நீளமுள்ள ஓரத்தில் இப்படி நூறு கம்பிகள் வந்து முடிகின்றன. அந்த ஒரு பக்கம் மட்டும் 2,700 கிலோ உட்புறமாக இழுக்கப்படுகிறது.

இந்த இழுப்பை முதலில் ஏற்பது ஓரக்கம்பி. மூன்று மீட்டர் இடைவெளியில் ஐந்து உள்கம்பிகள் அதைப் பிடித்து இழுக்க, அது உட்புறமாகப் பத்துச் சென்டிமீட்டர் வளைகிறது என்றால், முன்னே சொன்ன அதே கணக்கின்படி ஓரக்கம்பியின் இழுவிசை 500 கிலோவைத் தாண்டும். நடுவில் நிற்கும் ஓரக்காலுக்கு இடப்பக்கத்து ஓரக்கம்பியும் வலப்பக்கத்து ஓரக்கம்பியும் எதிரெதிராக இழுப்பதால் அந்த 500 கிலோ தமக்குள் தீர்ந்துவிடும். அதன் பங்குக்கு மிஞ்சுவது உட்புற இழுப்பான 135 கிலோ மட்டுமே. மூலைக்காலுக்கு அந்த வசதி இல்லை. இரு ஓரக்கம்பிகளும் அங்கே செங்கோணத்தில் வந்து முடிகின்றன. இரண்டும் சேர்ந்து பந்தலின் மூலைவிட்டத் திசையில் 700 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. கருங்கல் நெடுக்கில் அழுத்தினால் எவ்வளவும் தாங்கும். வளைத்தால் சிறிதும் தாங்காது. தாங்கள் எவ்வளவு நல்ல கல்லாகத் தேர்ந்தாலும் அந்த இயல்பு மாறப்போவதில்லை.

ஆகவே மூலைக்கல்லை நட்டுக்குத்தாக நடாமல், தலை வெளிப்புறம் பார்க்கும்படி மூலைவிட்டத் திசையில் சாய்த்து நடுங்கள். சாய்ந்த கல்லின் தலையை உள்ளிருந்து பந்தல்கம்பியும் வெளியிலிருந்து ஸ்டே கம்பியும் இழுக்கும்போது, அந்த இரண்டின் கூட்டு விசை கல்லின் நெடுக்குவழியே கீழே இறங்கிவிடும். கல்லுக்குப் பிடித்த வேலை அதுதான். ஸ்டேயின் மறுமுனையை, ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் இழுப்புக்குக் குறுக்காகப் படுக்கவைத்துப் புதைத்த ஒரு முழுநீளக் கல்லில் கட்டுங்கள். மூலைக்கு ஒரே ஒரு ஸ்டே கொடுப்பதானால் அது சரியாக மூலைவிட்டத்தில் இருக்க வேண்டும். நிலம் இடம் கொடுத்தால், ஒவ்வொரு ஓரக்கம்பியின் நேர்நீட்சியிலும் ஒன்றாக இரண்டு கொடுப்பதே மேல். ஒன்று தளர்ந்தாலும் மற்றொன்று பந்தலைக் கீழே விடாது. எங்கள் பகுதியில் பழைய பந்தல்காரர்கள் மூலைக்கு இரண்டு புதைகல் வைத்தே தொடங்குவார்கள். இன்று ஒரு கல் மிச்சம் பிடிப்பதற்காக அதைக் கைவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஒரு மூலை விழுந்தால் ஒரு போகமே மண்ணில் விழுகிறது.

காய் பிடிக்கும் முன்பே, பந்தல் வெறுமையாக இருக்கும்போது கம்பியை முறுக்கேற்றுங்கள். காய் தொங்கும் பந்தலில் இறுக்குவது, சுமை ஏற்றிய வண்டிக்கு அச்சாணி மாற்றுவதற்கு ஒப்பாகும்.

கேள்வி: ஓடையைக் கடந்து குழாய் கொண்டுபோக 40 மீட்டருக்கு 8 மில்லிமீட்டர் வயர் ரோப் கட்டி, இரண்டு அங்குலக் குழாயைத் தொங்கவிட்டோம். வெறும் குழாயாக இருந்தபோது கல்லுப் போல நின்றது. தண்ணீர் திறந்து மூன்றாம் நாள் ஒரு முனையில் ரோப் கிளாம்புக்குள்ளிருந்து உருவிக்கொண்டது. கிளாம்ப் மூன்றும் உடையவில்லை. காரணம் என்ன?
— வாசகர், ஆரியங்காவு

பதில்: இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கின்றன என்று கருதுகிறேன். வெறும் குழாயும் ரோப்பும் மீட்டருக்கு ஒரு கிலோ இருந்திருக்கும். நீர் நிறைந்ததும் அது மூன்றரைக் கிலோ ஆகிவிடும். நூற்றுக்கு இரண்டு, அதாவது 80 சென்டிமீட்டர் தொய்வில் கட்டியிருந்தால் இழுவிசை 250 கிலோவிலிருந்து 875 கிலோவை நோக்கி ஏறியிருக்கும். எந்தத் தாங்குகம்பியையும் அது சுமக்கப்போகும் முழு எடைக்குத்தான் கணக்கிட வேண்டும். தங்களுடையதற்கு இரண்டு மீட்டர் தொய்வு கொடுங்கள். இழுவிசை 350 கிலோவுக்கு இறங்கிவிடும்.

இரண்டாவது காரணம் கிளாம்ப். யு போல்ட் கிளாம்பில் இரண்டு பாகங்கள் உண்டு: வளைந்த யு கம்பி ஒன்று, ரோப்பின் முறுக்குக்கு ஏற்ற பள்ளங்கள் வெட்டிய அடிக்கட்டை ஒன்று. சுமை வரும் நீள ரோப் அடிக்கட்டையின்மேல் அமர வேண்டும். மடக்கிவந்த வால்முனைமேல்தான் யு கம்பி அழுந்த வேண்டும். யு கம்பி அழுந்தும் இடத்தில் ரோப் நசுங்கும் என்பதால், நசுங்கினாலும் கேடில்லாத வால்பக்கம் அது இருக்க வேண்டும். மூன்று கிளாம்பும் ஒரே திசையில் இருக்க வேண்டும். அழகுக்காக ஒன்றுவிட்டு ஒன்று திருப்பிப் போடுகிறவர்கள் பிடிப்பைத் தாங்களே குறைக்கிறார்கள்.

இதை நான் கற்ற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இளவயதில் குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், காய்மூட்டை இறக்கும் கயிற்றுப்பாதைக்கு நானே கிளாம்ப் போட்டேன். மூன்றையும் தலைகீழாகப் போட்டேன். நான்காம் நாள் ரோப் உருவிக்கொண்டு, ஒரு மூட்டையோடு சரிவில் விழுந்தது. வழக்கமாகக் கீழே நிற்கும் பெண்கள் அந்த நேரம் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை நான் கட்டிய ஒவ்வொரு கிளாம்பையும் கையால் தடவிப் பார்க்காமல் கீழே இறங்கியதில்லை.

கட்டும் முறை இது. ரோப் மடங்கும் கண்ணில், அது நசுங்காமல் காக்கும் பள்ளமுள்ள இரும்பு வளையமான திம்பிள் வைத்து, வாலை ஒரு சாணுக்குக் குறையாமல் மடக்குங்கள். முதல் கிளாம்பை வாலின் கடைசிக்கு அருகே போடுங்கள். இரண்டாவதைத் திம்பிளை ஒட்டிப் போடுங்கள். இரண்டுக்கும் இடையில் தளர்ச்சி இல்லாதபடி இழுத்துப் பிடித்துக்கொண்டு மூன்றாவதை நடுவில் போடுங்கள். இடைவெளி ரோப்பின் தடிமனைப்போல் ஆறு மடங்கு, தங்களுக்கு ஐந்து சென்டிமீட்டர். நட்டுகளை மாறிமாறி, சிறிது சிறிதாக இறுக்குங்கள். பிறகு சுமையை ஏற்றிவிட்டு மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். சுமை ஏறியதும் ரோப் நீண்டு மெலியும், கிளாம்ப் தானாகத் தளரும். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இந்த இரண்டாம் இறுக்கத்தைத்தான். மூன்றாம் நாள் உருவிக்கொண்டது என்ற தங்கள் வரியைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியதும் அதுதான். ரோப்பை முடிச்சுப் போட்டுக் கட்டுவதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். முடிச்சு விழுந்த இடத்தில் ரோப்பின் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

டர்ன் பக்கிள் வைத்தால் இரு பக்கமும் மூடிய கண் உள்ளதாகப் பாருங்கள். கொக்கி வைத்தது சுமையில் வாய் பிளக்கும். இறுக்கி முடித்தபின் அதன் நடுத்துளை வழியே ஒரு கட்டுக்கம்பியைக் கோத்து இரு முனையிலும் சுற்றிவிடுங்கள். இல்லையென்றால் காற்றில் ரோப் அதிர அதிர, மரை தானே கழன்றுகொண்டிருக்கும்.

கேள்வி: ஊர்த் திருவிழாவுக்குச் சீரியல் விளக்குக் கம்பியைச் சாலையின் குறுக்கே மின்கம்பங்களில் கட்டிக்கொள்ளலாமா?
— வாசகர், புளியரை

பதில்: கூடாது. மின்கம்பம் மின்வாரியத்தின் சொத்து என்பது ஒரு காரணம். அந்தக் கம்பம் தன் மின்கம்பிகளின் இழுப்புக்கு மட்டுமே கணக்கிட்டு நடப்பட்டது என்பதும், ஏறுகிறவரின் தலைக்கு மேல் உயிருள்ள கம்பி ஓடுகிறது என்பதும் அதைவிடப் பெரிய காரணங்கள். அந்தக் கம்பத்தின் ஸ்டேயில் கட்டுவதும் அதே அளவு தவறு. ஸ்டேயின் நடுவே, தரையிலிருந்து மூன்று மீட்டருக்குக் குறையாத உயரத்தில் ஒரு பீங்கான் இன்சுலேட்டர் வைத்திருப்பதே, மேல்பாதியில் மின்சாரம் இறங்கினாலும் கீழே நிற்பவரைத் தாக்காமல் இருப்பதற்காகத்தான். தாங்கள் கட்டும் கம்பி அந்த இன்சுலேட்டரைத் தாண்டி ஒரு பாலம் போட்டுவிடும்.

தனிக் கம்பம் நடுங்கள். தாழ்வழுத்த மின்கம்பி சாலையைக் கடக்கும்போது தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. விளக்குக் கம்பிக்கும் அதையே அளவாகக் கொள்ளுங்கள். அந்த உயரத்தைக் கம்பத்தில் அளக்காமல், தொய்வின் அடிவயிற்றில் அளக்க வேண்டும். வைக்கோல் லாரி கடப்பது அங்கேதான்.

கேள்வி: யானை வரும் எல்லையில் தொங்கும் சோலார் வேலி போடுகிறோம். மேலே ஓடும் தாங்குகம்பி சில மாதங்களில் தாழ்ந்து, தொங்கும் கம்பிகள் புல்லைத் தொடுகின்றன. எப்படிச் சரிசெய்வது?
— வாசகர், ஆனைகட்டி

பதில்: தொங்கும் கம்பி ஈரப் புல்லைத் தொட்டால் மின்துடிப்பு மண்ணுக்குள் போய்விடும்; யானைக்குக் கிடைக்க வேண்டிய அதிர்ச்சி குறைந்துவிடும். தாழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் கம்பி நீள்வதன்று, முனைக்கம்பங்கள் சாய்வதே. வேலியை ஒரே ஓட்டமாக நெடுந்தூரம் கட்டாமல், நேராக ஓடும் இடத்திலும் நூறு மீட்டருக்கு ஒரு கம்பத்தில் இரு பக்கமும் ஸ்டே கொடுத்து, கம்பியை அங்கே முடித்து, மறுபடி தொடங்குங்கள். ஒரு மரம் விழுந்தாலும் அந்த ஒரு கண்ணி மட்டும் போகும். வேலி முழுவதும் வரிசையாகச் சரியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது, சாய்ந்த மரமும் கம்பமும் கம்பிவழியே அடுத்த கம்பத்தையும் சேர்த்து இழுத்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வளைவுகளில் ஸ்டே வளைவின் வெளிப்புறம் இருக்க வேண்டும்.

மின்சாரத்தைச் சிறு துடிப்புகளாக மட்டும் விடும், வேலிக்குரிய எனர்ஜைசர் அல்லாமல் வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் விடுவது குற்றம். அதனால் யானைகளும் மனிதர்களும் இறந்திருக்கிறார்கள். தாங்கள் அதைக் கேட்கவில்லை. ஆயினும், வேலியைப் பற்றி எழுதும் எந்த வரியிலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை என்பது நான் வைத்திருக்கும் வழக்கம்.

கேள்வி: பயன்படாத பழைய கேபிள் தாங்குகம்பி ஒன்று இரண்டு மாடிகளுக்கு இடையே துருப்பிடித்து நிற்கிறது. கட்டிங் பிளேயரால் நறுக்கிவிடலாமா?
— வாசகர், களியக்காவிளை

பதில்: விறைத்து நிற்கும் கம்பியை நறுக்காதீர்கள். அறுந்த கணத்தில் அதன் இரு துண்டுகளும் தத்தம் கம்பத்தை நோக்கிச் சவுக்கைப்போல் சுழன்று வரும். நறுக்குகிறவர் நிற்பது பெரும்பாலும் அந்தப் பாதையில்தான். அதன் இழுப்பையே நம்பி எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும் கம்பம் இருந்தால், அதுவும் உடனே போய்விடும்.

முதலில் இரு முனைக்கம்பங்களும் கம்பியில்லாமல் நிற்குமா என்று பாருங்கள். ஐயமிருந்தால் கயிற்றால் இரு பக்கமும் கட்டிக்கொள்ளுங்கள். டர்ன் பக்கிளுக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். டர்ன் பக்கிள் துருப்பிடித்துத் திரும்பவில்லை என்றால், பல்சக்கரத்தால் சிறிது சிறிதாக இழுக்கும் ராட்செட் புல்லர் ஒன்றைக் கம்பத்துக்கும், முனைக்கட்டைத் தாண்டி உள்ளே கம்பியில் பிடித்த கம்பிப்பிடிக்கும் இடையே மாட்டி இழுங்கள். சுமை புல்லருக்கு மாறி முனைக்கட்டு தளர்ந்ததும் அதைக் கழற்றிவிட்டு, புல்லரைப் பல் பல்லாக விட்டுக்கொடுங்கள். கம்பியின் நடுவில் ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டுவைத்தால், எங்காவது துருவில் அறுந்தாலும் அதன் எடை துள்ளலைக் குறைக்கும். கீழே யாரும் நிற்கக் கூடாது. கம்பியின் நேர்க்கோட்டிலும் யாரும் நிற்கக் கூடாது. நடுவயிறு தரையைத் தொட்ட பிறகு நறுக்கலாம்.